கிளப்புகளுக்கு எந்த வழியில் பணம் கொடுப்பது? மாணவர் பேரவைகளுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர்தோறும் வரும் பில்லில், டியூஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்து அடியில் ‘ஸ்டூடண்ட் ஆக்டிவிட்டி ஃபீ’ என்று ஒரு வரி இருக்கும். தொகை சிறியது என்பதால் நிறைய பேர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சின்னத் தொகையெல்லாம் சேர்ந்தால் லட்சக்கணக்கான டாலர். எந்த மாணவர் சங்கத்துக்கு, அதாவது கிளப்புக்கு, எவ்வளவு என்று அதைப் பிரிப்பவர்கள், வளாகத் தேர்தலில் ஜெயித்து வந்த பத்தொன்பது, இருபது வயது மாணவர்கள். ஃப்ளோரிடா மாநிலத்தில் சட்டமே இப்படித்தான் சொல்கிறது: இந்தக் கட்டணத்தை எதற்குச் செலவிடுவது என்று மாணவர் பேரவை தீர்மானிக்கும், பட்ஜெட்டில் பிடிக்காத வரியை நீக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத் தலைவருக்கு உண்டு.

இந்தப் பேரவைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் செனட்டராக (பேரவையில் ஓட்டுப் போடும் உறுப்பினராக), ட்ரெஷரராக (பொருளாளராக) வருகிறார்கள். பேரவையிடம் பணம் கேட்டு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர் சங்கங்களில் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நிதி விதிகளைத் திருத்த ஒரு வாய்ப்பு கிடைத்தால் எந்த முறைக்கு ஓட்டுப் போடுவது என்பதுதான் கேள்வி.

நான் எல்லா முறைகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். இந்த செப்டம்பரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கத்துக்கு அந்த முறையில் என்ன நடக்கும்? முப்பது வருடமாக இருக்கும் பெரிய சங்கங்கள் எந்த முறை வந்தாலும் சமாளித்துக்கொள்ளும். அவர்களிடம் போன வருட ஃபைல் இருக்கிறது, விதிகள் தெரிந்த சீனியர் இருக்கிறார், செனட்டில் நண்பர்கள் இருக்கிறார்கள். ஃபீஸ் மட்டும் புதிய சங்கத்தின் பன்னிரண்டு பேரும் அதே அளவுதான் கட்டியிருக்கிறார்கள்.

எல்லா முறைக்கும் முன்னால் நிற்கும் சட்டம்

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அது அரசு. அரசு கட்டாயமாக வசூலித்த பணத்தைக் கொடுக்கும்போது, கேட்பவரின் கருத்து பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கொடுக்கக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை இரண்டு வழக்குகளில் உறுதி செய்தது.

முதல் வழக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே செமஸ்டருக்கு 14 டாலர் கட்டணம். கிறிஸ்தவப் பார்வையில் பத்திரிகை நடத்திய ஒரு மாணவர் குழு, அச்சுச் செலவுக்கு 5,862 டாலர் கேட்டது. மதச் செயல்பாடு என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். மற்ற மாணவர் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு இதற்கு மட்டும் மறுப்பது தவறு என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம்.

இரண்டாவது வழக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் 1995-96-ல் ஆண்டுக் கட்டணம் 331.50 டாலர். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சங்கங்களுக்கும் மாணவர் சேவைகளுக்கும் மாணவர்கள் முடிவு செய்து பிரிக்கும் பணம். அந்த ஆண்டில் அங்கே பதிவு செய்த மாணவர் அமைப்புகள் 623. எங்களுக்கு உடன்பாடில்லாத அரசியல் அமைப்புகளுக்கு எங்கள் பணம் ஏன் போக வேண்டும் என்று சில மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். சவுத்வொர்த் வழக்கு என்பது இதுதான். கட்டாயக் கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் பிரிக்கும்போது எந்தக் கருத்துக்கும் சலுகையோ தண்டனையோ கூடாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே வழக்கு திரும்பவும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் 2002-ல் வந்த தீர்ப்பைத்தான் பேரவையின் நிதிக்குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். ஒரு சங்கம் எத்தனை வருடமாக இருக்கிறது, போன வருடம் எவ்வளவு வாங்கியது என்ற இரண்டையும் அளவுகோலாக வைக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. ஒரு காலத்தில் யாரோ சிலருக்குப் பிடித்ததால் நிறையப் பணம் வாங்கிய சங்கம், அந்தப் பழைய கணக்கைக் காட்டியே மேலும் மேலும் வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த அளவுகோல் நடுநிலையானது அல்ல. மற்றபடி அங்கே எழுத்தில் விதிகள் இருந்தன, கூட்டங்கள் பதிவாயின, மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. இவற்றைப் பார்த்துத்தான் மீதி ஏற்பாட்டை நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது.

இந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்துவது அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா மாநிலங்களை மட்டும்தான். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்த அரசியல் சட்டக் கட்டுப்பாடே கிடையாது. ஆனாலும் அதன் நியாயம் எங்கேயும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

வருடாந்திர பட்ஜெட்

பழைய முறை. ஜனவரி, பிப்ரவரியில் சங்கங்கள் அடுத்த கல்வியாண்டுக்கான பட்ஜெட்டைக் கொடுக்க வேண்டும். நிதிக்குழு ஒவ்வொரு சங்கத்தையும் கூப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விசாரிக்கும். பிறகு மொத்த பட்ஜெட்டும் செனட்டில் ஓட்டுக்கு வரும். ஜூலையில் கணக்குத் திறக்கும்.

இதில் நல்ல விஷயம், முன்கூட்டியே கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிவது. வளாக வானொலி, மாணவர் சட்ட உதவி மையம், ராத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வேன் சேவை போன்றவற்றுக்கு இது இல்லாமல் முடியாது. சம்பளம் கொடுக்க வேண்டும், லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அவர்களைப் போய் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி விண்ணப்பம் போடு என்று சொல்ல முடியாது.

ஆனால் செப்டம்பரில் பிறந்த சங்கத்துக்கு? முதல் வருடம் முழுக்க ஒன்றும் கிடையாது. பிப்ரவரியில் விண்ணப்பித்தால் அடுத்த ஜூலையில்தான் பணம். தொடங்கி வைத்தவர் இரண்டு வருட மாஸ்டர்ஸ் மாணவராக இருந்தால், பணம் வரும் நேரத்தில் அவருக்குப் படிப்பில் பாதி முடிந்திருக்கும். விசாரணைக் கூட்டத்தில் அநேகமாக முதல் கேள்வியே ‘போன வருடம் எவ்வளவு?’ என்பதாகத்தான் இருக்கும். கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. நூறு விண்ணப்பங்களை ஒரு வாரத்தில் பார்க்க வேண்டியவருக்கு அதுதான் சுலபமான பிடி. 2002 தீர்ப்பு தடுக்க நினைத்ததும் இதே பிடியைத்தான்.

இன்னொரு குறை, செலவழிக்காத பணம். பெரும்பாலான இடங்களில் ஜூன் 30-க்குள் செலவாகாதது பொது நிதிக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் ஏப்ரலில் அவசர அவசரமாகச் செலவு நடக்கும். மிச்சம் வைத்தால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அந்த நேரத்தில் புதிய சங்கங்கள் ஒரு ஹால் வாடகைக்குக்கூட வழியில்லாமல் இருக்கும்.

நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி

வருடம் முழுவதும் விண்ணப்பம் வாங்கி, வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ நிதிக்குழு கூடி முடிவு செய்வது இரண்டாவது முறை. புதியவர்களுக்கு இதுதான் நல்ல வாசல். ஆனால் நடைமுறையில் எங்கெல்லாம் இடிக்கிறது என்பதைத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவை வைத்தே சொல்கிறேன்.

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. நிறைய வளாகங்களில் அப்போது வசந்த செமஸ்டர் வகுப்புகள் தொடங்கியே இருக்காது, இல்லையென்றால் அந்த வாரம்தான் தொடங்கும். ஆகவே விழா அந்த மாதக் கடைசி சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். நிகழ்ச்சிக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு முன்னால் விண்ணப்பம் வர வேண்டும் என்று விதி இருந்தால், அந்தத் தேதி டிசம்பர் நடுவில் ஃபைனல் தேர்வு வாரத்திலோ அதற்கடுத்த குளிர்கால விடுமுறையிலோ போய் விழுகிறது. குளிர்கால விடுமுறையில் நிதிக்குழு கூடாது. அப்படியென்றால் உண்மையான கடைசித் தேதி நவம்பர், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்னால். கிறிஸ்துமஸ், ஹாலோவீன் கொண்டாடும் சங்கங்களுக்கு இந்தச் சிக்கலே வராது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, காலண்டர் அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் விதியை எழுதுபவர் இதை யோசித்தாக வேண்டும். சந்திரப் புத்தாண்டு கொண்டாடும் சங்கங்களுக்கும் இதே பாடுதான்.

அப்புறம் விண்ணப்பப் படிவம். ஹால், ஒலிபெருக்கி, சாப்பாடு, அலங்காரம், விளம்பரம் என்று வரி வரியாகக் கேட்கும். ஒவ்வொரு வரிக்கும் விலைப்பட்டியல் இணைக்க வேண்டும். வளாகத்துக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுவர அனுமதி உண்டா, பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் உள்ள கேட்டரரிடம்தான் வாங்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒப்பந்த கேட்டரர்தான் என்றால் பொங்கலும் வடையும் எங்கே கிடைக்கும்? பக்கத்து ஊரில் இருக்கும் தென்னிந்திய உணவகத்திடம் இன்சூரன்ஸ் சான்றிதழ் வாங்கிக் கொடு என்பார்கள். சின்னக் கடைக்காரர் அதற்கெல்லாம் முன்வர மாட்டார். கடைசியில் சாப்பாடு என்ற வரியே விண்ணப்பத்திலிருந்து போய்விடும், சாப்பாடு இல்லாத பொங்கலுக்கு அனுமதி கிடைக்கும்.

இதையெல்லாம் தாண்டிப் பணம் ஒதுக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பல இடங்களில் அது கையில் வராது. நீ செலவு செய், ரசீது கொடு, பிறகு திருப்பித் தருகிறோம் என்பார்கள். இந்த ரீஇம்பர்ஸ்மெண்ட் ஏற்பாடுதான் என்னை ரொம்பவே உறுத்துகிறது. ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய மாணவருக்கு அமெரிக்காவில் கிரெடிட் ஹிஸ்டரி கிடையாது. கார்டு கிடைத்தாலும் லிமிட் 500 டாலர் இருக்கும். அவர் 1,500 டாலர் ஹால் செலவைத் தன் கைப்பணத்தில் கட்டிவிட்டு ஆறு வாரம் காத்திருப்பது எப்படி? அப்பா அம்மா பணம் அனுப்பக்கூடிய மாணவர்தான் சங்கத்துக்கு ட்ரெஷரர் ஆக முடியும் என்றாகிவிடுகிறது. ஃபீஸ் எல்லோரிடமும் வாங்கிவிட்டு, செலவு செய்யும் வாய்ப்பை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் வைப்பது சரியே இல்லை.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. அந்த வர்ஜீனியா வழக்கில்கூட, அங்கிருந்த நடைமுறைப்படி பணம் மாணவர் கைக்குப் போவதே இல்லை. அச்சகத்துக்கு மாணவர் நிதியிலிருந்து நேராகக் கொடுத்துவிடுவார்கள். பேரவை தன் கணக்கிலிருந்து கடைக்காரருக்கு நேரே கட்டினால் மாணவர் கையைக் கடிக்காது, தணிக்கைக்கும் அதுதான் சுலபம்.

முறையின் இன்னொரு பலவீனம், முந்தி வருபவர் எடுத்துக்கொண்டு போவது. ஆகஸ்டில் நூறு சதவீதப் பணத்தோடு தொடங்கினால் நவம்பரிலேயே தீர்ந்துவிடும். விதிகள் தெரிந்த பழைய சங்கங்கள் முதல் வாரத்திலேயே வருடம் முழுவதற்கும் விண்ணப்பம் போட்டுவிடும். புதிய சங்கம் பதிவை முடித்து, ஆலோசகராக ஒரு பேராசிரியரைப் பிடித்து, ட்ரெஷரர் பயிற்சி எடுத்து முடிப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். இதற்கு மருந்து எளிது: மொத்தப் பணத்தை நான்கு காலகட்டமாகப் பிரித்து, ஒரு காலகட்டத்துக்கு உரியதை அந்தக் காலகட்டத்தில் மட்டுமே கொடுப்பது.

மாணவர்கள் ஓட்டுப் போட்டு ஒதுக்குவது

கேட்க இனிப்பான முறை. பணம் மாணவர்களுடையது, மாணவர்களே ஓட்டுப் போடட்டும். தனியார் பல்கலைக்கழகமான ஸ்டான்ஃபோர்டில் நீண்ட காலமாகவே பெரிய சங்கங்கள் தங்கள் பட்ஜெட்டை வசந்தகாலத் தேர்தலில் வாக்குச்சீட்டில் வைத்து நேராக மாணவர்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்கின்றன. இன்னொரு தனியார் பல்கலைக்கழகமான கார்னெலில் வேறு மாதிரி: சில அமைப்புகளுக்கு மாணவர் ஒருவருக்கு இத்தனை டாலர் என்று கட்டணத்திலேயே தனி வரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாணவர் பேரவை அந்த வரிகளை மறுபரிசீலனை செய்யும். சின்ன கிளப்புகளுக்காகவே ஒரு தனி நிதி ஆணையம் இருக்கிறது, அதற்கும் அப்படி ஒரு வரி உண்டு. கார்னெல் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விஷயம். பெரியவர்களோடு சின்னவர்களை ஒரே பந்தியில் போட்டியிட விடாமல் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி வாக்கெடுப்பு சட்டப்படியே ஆபத்தானது. சவுத்வொர்த் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்புப் பகுதியை மட்டும் ஏற்கத் தயங்கி, மறு விசாரணைக்கு அனுப்பியது. பெரும்பான்மைக்குப் பிடிக்காத கருத்தைக் காப்பாற்றுவதுதான் இந்தச் சட்டத்தின் நோக்கம் என்னும்போது, பணம் கொடுக்கலாமா என்று பெரும்பான்மையிடமே எப்படிக் கேட்பது? நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகத்தில், முடிவைக் கட்டாயமாக்காமல் கருத்துக் கேட்பு மாதிரிதான் வாக்கெடுப்பு வைத்தார்கள். அதுவும் செல்லாது என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பன்னிரண்டு பேர் சங்கம் முப்பதாயிரம் பேரிடம் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க முடியாது. சிறுபான்மை மொழி பேசும் சங்கம் எதுவும் இந்த முறையில் தேறாது. வாக்கெடுப்பு இன்னொன்றும் செய்கிறது: இன்றைய மாணவர்கள் நாளைய மாணவர்களின் பணத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர் சங்கக் கட்டடத்தைப் புதுப்பிக்க 2010-ல் மாணவர்கள் தங்கள் மேலேயே கட்டணம் போட்டுக்கொண்டார்கள். கட்டடம் திறந்தது 2015-ல், ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு. நல்ல காரியம்தான், பின்னால் வந்தவர்கள் அனுபவிக்கிறார்கள். ஆனால் கட்டுபவர் வேறு, முடிவெடுத்தவர் வேறு என்பதை மறைக்கக் கூடாது. அதனால் வாக்கெடுப்பை ஒரு சங்கத்துக்குப் பணம் தரலாமா என்று கேட்கப் பயன்படுத்தவே கூடாது. ஒரு புதிய நிதியை உருவாக்கலாமா, எத்தனை வருடத்துக்கு என்று கேட்க மட்டும் பயன்படுத்தலாம்.

திட்டங்களுக்குத் தனி நிதி

அப்படி உருவான நிதிகளில் எனக்குத் தெரிந்து சிறந்தவை பசுமை நிதிகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் 2006-ல் மாணவர்கள் க்வார்ட்டருக்கு (ஒரு கல்விப் பருவத்துக்கு) 2.60 டாலர் கட்ட ஓட்டுப் போட்டார்கள். அடுத்த வருடம் பெர்க்லியும் அதே வழியில் வந்தது. வளாகத்தில் சூழல் சார்ந்த எந்தத் திட்டத்துக்கும் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், மாணவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழு தேர்ந்தெடுக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் இப்படிச் சேர்ந்த மாணவர் பணத்திலிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் 2015-ல் செயல்படத் தொடங்கிய சோலார் பண்ணைக்குப் போனது. சாதாரண கிளப் நிதியில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

திட்டத்தின் இயல்பே வேறு. நிகழ்ச்சி என்றால் ஒரு மாலையில் முடிந்துவிடும். தண்ணீர் பாட்டில் நிரப்பும் மிஷின் வைப்பது என்றால் எந்தச் சுவரில் குழாய் போகிறது, மின்சாரம் எங்கிருந்து எடுப்பது, ஃபில்டரை யார் மாற்றுவது, அந்த ஃபில்டருக்கு ஐந்து வருடம் கழித்தும் யார் பணம் கொடுப்பது என்று கேள்விகள் வரிசைகட்டி வரும். கட்டடப் பராமரிப்புத் துறையின் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. மாணவர்கள் யோசித்து, விண்ணப்பித்து, பணமும் கிடைத்து, துறையின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே படிப்பு முடிந்துவிடும். எனவே திட்டத்துக்குப் பணம் கொடுக்கும்போது பொறுப்பான ஒரு ஊழியர் பெயரும், பராமரிப்புச் செலவை எந்தத் துறை ஏற்கிறது என்ற கடிதமும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். இந்தக் கடிதம் இல்லாத திட்டத்துக்கு, எவ்வளவு அருமையாக இருந்தாலும், நான் ஓட்டுப் போட மாட்டேன்.

புதிய சங்கத்துக்கு இந்த நிதி பெரிதாக உதவாது, கெடுக்கவும் செய்யாது. கிளப் நிதியிலிருந்து பெரிய திட்டங்கள் பணத்தை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்கிறது என்பதே அவர்களுக்கு லாபம்.

கட்டணத்தையே விருப்பத்துக்கு விட்டால்?

சிலர் இப்படியும் கேட்கிறார்கள்: இவ்வளவு சண்டை எதற்கு, விரும்பினவர்கள் கட்டட்டும். ஆஸ்திரேலியா இதைச் செய்து பார்த்தது. 2006 ஜூலையிலிருந்து மாணவர் அமைப்புகளுக்குக் கட்டாயக் கட்டணம் கூடாது என்று சட்டம் வந்தது. பல வளாகங்களில் மாணவர் சேவைகள் சுருங்கின, விளையாட்டும் கிளப்புகளும் அடிவாங்கின. 2011-ல் புதிய சட்டம் போட்டு, அடுத்த ஆண்டு முதல் அதிகபட்சம் 263 ஆஸ்திரேலிய டாலர் வரை சேவைக் கட்டணம் வசூலிக்க அனுமதித்தார்கள். ஆனால் இந்த முறை பணம் பல்கலைக்கழகத்தின் கையில். மாணவர் அமைப்புகளுக்கு எவ்வளவு போகும் என்பது நிர்வாகத்தின் தயவாக இருந்தது. 2025 ஜனவரி முதல்தான், குறைந்தது 40 சதவீதம் மாணவர்கள் நடத்தும் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஒருமுறை கைநழுவிய உரிமையில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2019-ல், ‘அவசியமற்ற’ கட்டணங்களை மாணவர்கள் கட்டாமல் விலகிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. மாணவர் பத்திரிகைகளும் சங்கங்களும் அந்த ‘அவசியமற்ற’ பட்டியலில் இருந்தன. மாணவர் கூட்டமைப்புகள் வழக்குப் போட்டு அதே வருடம் நவம்பரில் ஜெயித்தன, 2021-ல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. விருப்பக் கட்டணத்தில் முதலில் காணாமல் போவது, இன்னும் யாருக்கும் தெரியாத சங்கம்தான். அதனால் இந்த வழியை நான் பரிசீலனையிலிருந்தே எடுத்துவிடுகிறேன்.

என் முடிவு

ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கிளப்புகளுக்கான பணத்தில் கால் பங்கை வருடாந்திர பட்ஜெட்டுக்கு வையுங்கள். வருடம் முழுக்க இயங்கும், எல்லா மாணவரும் பயன்படுத்தும் சேவைகளுக்கு மட்டும் அது. கலாச்சாரச் சங்கமோ துறைச் சங்கமோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வரக் கூடாது. ஏறக்குறைய அறுபது சதவீதம் நிகழ்ச்சிவாரி நிதிக்கு, நான்கு காலகட்டமாகப் பிரித்து. மிச்சம் திட்டங்களுக்கு, உங்கள் வளாகத்தில் பசுமை நிதி மாதிரி ஏற்கெனவே தனியாக ஒன்று இருந்தால் அந்த மிச்சத்தையும் நிகழ்ச்சிகளுக்கே கொடுத்துவிடலாம்.

நிகழ்ச்சிவாரி நிதிக்குள் இன்னொரு சின்ன ஏற்பாடு. பதிவு செய்த எந்தச் சங்கத்துக்கும் வருடத்துக்கு 300 டாலர் அளவுக்கு, விசாரணை எதுவும் இல்லாமல், ஒரு பக்கப் படிவத்தில் கொடுத்துவிடுங்கள். குழு கூடத் தேவையில்லை, பேரவையின் ட்ரெஷரரே கையெழுத்துப் போடலாம். முதல் கூட்டத்துக்குப் பீட்சா, ஒரு பேனர், ஒரு சின்ன ஹால் என்று அந்தப் பணத்தில் ஒரு சங்கம் உயிர் பிடித்துவிடும். எல்லோருக்கும் ஒரே தொகை என்பதால் கருத்துப் பாகுபாடு என்ற பேச்சும் எழாது.

மறுக்கும்போது எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு வரி போதும். முன்பு வாங்கிய தொகை, சங்கத்தின் வயது இரண்டையும் விண்ணப்பப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கேட்கத்தான் தோன்றும். மேல்முறையீடு போகும் குழுவில் முதலில் மறுத்தவர்கள் இருக்கக் கூடாது. 200 டாலருக்கு மேல் போகும் எந்தச் செலவையும் பேரவை நேராகக் கடைக்காரருக்குக் கட்ட வேண்டும். காலண்டரில் ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகளுக்கு என்று தனியாக ஒரு நவம்பர் கூட்டம் வைத்து, அந்தத் தேதியை செப்டம்பரிலேயே எல்லாச் சங்கங்களுக்கும் அறிவித்துவிடுங்கள்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் வலுவானது வேலைப்பளு. நிகழ்ச்சிவாரியாகக் கொடுத்தால் வாரா வாரம் கூட்டம், நூற்றுக்கணக்கான விண்ணப்பம், படிப்போடு இதையும் பார்க்கும் மாணவர்களால் முடியுமா? நியாயமான கேள்விதான். 300 டாலர் ஏற்பாடு சின்ன விண்ணப்பங்களில் பெரும்பகுதியைக் குழுவுக்கு வராமலே முடித்துவிடும். மீதிக்கு, குழுவில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். பேரவைத் தலைவருக்கு உதவித்தொகை கொடுக்கும் வளாகங்கள் நிதிக்குழுவை மட்டும் இலவசமாக உழைக்கச் சொல்வதில் நியாயம் இல்லை. பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவர்களும் அப்போதுதான் அந்தக் குழுவுக்கு வருவார்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அந்தத் தொகையை வாங்குவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

திருத்தத்தைக் கொண்டுவரும் நேரமும் முக்கியம். வசந்தகாலத் தேர்தல் நெருங்கிவிட்டால் எந்த செனட்டரும் பெரிய சங்கங்களைப் பகைத்துக்கொள்ள மாட்டார். அக்டோபரில் வரைவைச் சுற்றுக்கு விட்டு, நவம்பருக்குள் ஓட்டெடுப்பு முடித்துவிட்டால், ஜனவரியில் தொடங்கும் பட்ஜெட் விசாரணைகளே புதிய விதிப்படி நடக்கும். வரைவில் கையெழுத்துப் போட ஆள் சேர்க்கும்போது புதிய சங்கங்களின் ட்ரெஷரர்களிடம் முதலில் போங்கள். எந்த வரியில் விண்ணப்பம் நின்றுபோனது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.